கம்பெனி கைமாறுகிறது, என் 14 வருடம் யார் கணக்கில்?

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கம்பெனி அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. நண்டுச் சதையைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் 14 வருடம் 3 மாதமாக வேலை பார்க்கிறார். நண்டு உடைக்கும் மேசையில் சேர்ந்தவர், இப்போது அதே மேசைக்கு 'சூப்பர்வைசர்'. மாதச் சம்பளம் 13,000 ரூபாய். கம்பெனி ரோலில் 140 பேர். மேஸ்திரி மூலம் கிலோ கணக்குக் கூலிக்கு வருகிறவர்கள் 60 பேர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கிய பிறகு ஆர்டர் குறைந்து, வங்கிக் கடன் முட்டி, இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோயிருக்கிறது. ஐந்து மாதமாக பி.எஃப். பிடிக்கிறார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை.

மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் கம்பெனியை வாங்குவதாகத் தெரிந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் புது நிர்வாகம். இதற்கிடையில் மேனேஜர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, அச்சடித்த ராஜினாமாக் கடிதத்தையும் புது விண்ணப்பப் படிவத்தையும் நீட்டுகிறார். கையெழுத்துப் போட்டால் 25,000 ரூபாயும் புது முதலாளியிடம் வேலையும். போடாவிட்டால் இரண்டும் இல்லை.

"100 பேருக்கு மேல் இருக்கிற கம்பெனியை அரசு அனுமதி இல்லாமல் மூட முடியாது, வாங்குகிறவர் எங்களை எடுத்தே ஆகவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். மேனேஜரோ, வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை நிற்பதால் யாருக்கும் தொடர் சர்வீஸே கிடையாது, அதுவும் நான் சூப்பர்வைசர் என்பதால் தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்கிறார். நஷ்டத்தில் இருப்பவனிடம் பணம் கேட்பது பாவம் என்று என் மாமியாரே சொல்கிறார். ஏழு வருட சர்வீஸ் உள்ள என் நாத்தனார் பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம் என்றிருக்கிறாள். மேனேஜர் எங்கள் ஊர்க்காரர், முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடிதம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். "எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு" என்று தொடங்கி, "எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று முடிகிறது. நடுவில் தேதி போடவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. தேதியை அவர்கள் பிறகு போட்டுக்கொள்வார்கள். இரண்டு மாதச் சம்பளம் வராத ஒருவரிடம் 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்குவதிலிருந்தே இது யாருக்காக அச்சடித்த தாள் என்று தெரிகிறது.

ஊர்க்காரர் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவேண்டியதில்லை. "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், ஒரு நகல் கொடுங்கள்" என்றால் போதும். நகல் தராவிட்டால் கையெழுத்தும் இல்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இருந்தால் இன்றே, "அழுத்தத்தின் பேரில் கொடுத்தது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி அனுப்பட்டும். ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் திரும்பப் பெறுவது சுலபம். வந்த பிறகு, மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஒரு ஐஸ் கம்பெனி ஆட்கள் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார்கள். கடிதம் 'சொந்தக் காரணம்' என்று சொல்ல, அவர்கள் வாய் வேறு சொல்ல, சாட்சிக்கு வரவேண்டிய ஆள் புது முதலாளியிடம் சம்பளத்துக்கு இருந்தார். அந்த வழக்கை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான்.

விற்கப்படுவது எது?

'கம்பெனியை வாங்குகிறார்' என்று ஊரில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அதற்கு மூன்று முகம் உண்டு, உங்கள் நிலை அதைப் பொறுத்தே மாறும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்குகளை மட்டும் ஒருவர் வாங்கினால், முதலாளி மாறவே இல்லை. கம்பெனி அதேதான், டைரக்டர்கள்தான் வேறு. உங்கள் சர்வீஸ், பாக்கிச் சம்பளம், பி.எஃப். பொறுப்பு எல்லாம் அப்படியே அந்தக் கம்பெனியின் தலையில் தொடரும். அப்போது ராஜினாமா கேட்க அவர்களுக்குக் காரணமே கிடையாது.

இரண்டாவது, தொழிலையே, அதாவது கட்டடம், மெஷின், ஆர்டர், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து ஓடுகிற நிலையில் வேறொரு நிறுவனம் வாங்குவது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நடப்பது இதுதான் என்று தோன்றுகிறது. மூன்றாவது, வங்கி கடனுக்காகக் கட்டடத்தையும் ஃப்ரீசரையும் ஏலம் விட்டு, ஒருவர் அந்தச் சொத்தை மட்டும் எடுப்பது. இதில் புதியவர் "நான் வாங்கியது செங்கலும் கம்ப்ரஸரும்தான், ஆட்களை இல்லை" என்று வாதிட இடம் கிடைக்கும்.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சம்பளச் சீட்டின் தலைப்பில் உள்ள கம்பெனிப் பெயரைக் குறித்துவையுங்கள். படித்த பிள்ளை யாராவது இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஏற்றுமதிப் பெட்டியில் பிளாண்டின் அனுமதி எண் அச்சாகியிருக்கும் அல்லவா, புது நிர்வாகம் வந்த பிறகும் அதே எண்ணில், அதே வாங்குபவருக்கு, அதே மேசையில் சரக்குப் போனால், கைமாறியது வெறும் செங்கல் இல்லை என்று சொல்ல அது நல்ல ஆதாரம். இது உங்கள் கண்ணில் தினமும் படுகிற விஷயம். வக்கீலுக்குத்தான் தெரியாது.

கைமாறும்போது சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு இப்போது 73ஆம் பிரிவு. சாரம் மாறவில்லை. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு, நிறுவனம் கைமாறும்போது ஆட்குறைப்பு செய்தால் என்ன தரவேண்டுமோ அதே நோட்டீசும் நஷ்டஈடும் தரவேண்டும். தரவேண்டியது பழைய முதலாளி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சர்வீஸ் அறுபடாமல் தொடரவேண்டும். சம்பளமும் மற்ற நிபந்தனைகளும் முன்பைவிடக் குறையக்கூடாது. பின்னால் புதியவர் ஆட்குறைப்பு செய்தால் பழைய வருடங்களையும் சேர்த்தே நஷ்டஈடு தரும் பொறுப்பு அவருக்குச் சட்டப்படி இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் பழையவர் இப்போது பணம் தரவேண்டியதில்லை. ஒன்று குறைந்தாலும் தரவேண்டும்.

ராஜினாமா வாங்குவது ஏன் என்று இப்போது புரியும். நீங்களே விலகிவிட்டால் பழையவருக்கு நஷ்டஈடு மிச்சம், புதியவருக்கு 14 வருடச் சுமை மிச்சம். எனவே 'வேலை கிடைக்குமா' என்று கேட்பதற்கு முன்னால் 'என் சர்வீஸ் யார் கணக்கில் ஏறுகிறது' என்று கேளுங்கள்.

இனி, நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்களைத் திருத்தவேண்டியிருக்கிறது. வருத்தப்படாதீர்கள்.

வாங்குகிறவர் எல்லோரையும் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆந்திராவில் அனகாபள்ளி சர்க்கரை ஆலை நஷ்டத்தில் ஓடி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்கப்பட்டபோது இதே கேள்விதான் எழுந்தது. புதியவரிடம் வேலையை உரிமையாகக் கேட்க முடியாது, நஷ்டஈடு பழையவரிடமிருந்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்புச் சொன்னது. அதன் மறுபக்கமும் உண்டு. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் அவரை வேறொரு முதலாளியிடம் தள்ளிவிட முடியாது, போக விரும்பாதவருக்கு நஷ்டஈடு உண்டு என்று அதே நீதிமன்றம் 2011இல் சுனில் குமார் கோஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

100 பேர் கணக்கு பழைய சட்டத்தோடு போயிற்று. மூடுவதற்கு அரசு முன் அனுமதி வேண்டும் என்ற எல்லை இப்போது 300 பேர். மேஸ்திரி ஆட்களையும் சேர்த்தாலும் உங்கள் இடத்தில் 200தான். ஆகவே அனுமதி தேவையில்லை. ஆனால் 50 பேருக்கு மேல் இருப்பதால், மூடுவதென்றால் 60 நாள் முன்பே அரசுக்கு நோட்டீஸ் கொடுத்தாகவேண்டும், நஷ்டஈடும் உண்டு.

மேனேஜர் சொன்னதும் மாமியார் சொன்னதும்

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 365இல் அதைக் கழித்தால் 304. தொடர் சர்வீஸுக்குச் சட்டம் கேட்பது 12 மாதத்தில் 240 நாள். சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் அதில் சேரும். மேலும், தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றால் சர்வீஸ் அறுந்துபோவதில்லை. தடை போடுவது அரசு, நீங்களா கடலை மூடினீர்கள்?

ஒரு எச்சரிக்கை. "எங்களுடையது பருவகாலத் தொழில்" என்று அவர்கள் வாதிடலாம். அது எடுபட்டால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வருடத்துக்கு 15 நாள் என்பது சீசனுக்கு 7 நாள் என்று சுருங்கிவிடும். விசைப்படகுக்குத்தான் தடை, வள்ளத்து நண்டு அந்த மாதங்களிலும் வந்தது, ஸ்டோரில் இருந்த சரக்கை பேக்கிங் செய்தோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களின் சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக்கை இப்போதே என்ட்ரி போட்டு வாங்கிவையுங்கள்.

சூப்பர்வைசர் என்பது பெயர். சட்டம் பார்ப்பது வேலையை. மேசையில் உட்கார்ந்து நீங்களும் சதை எடுக்கிறீர்கள், ஓடு கிடக்கிறதா என்று தடவிப் பார்க்கிறீர்கள், எடை எழுதுகிறீர்கள். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவோ லீவு கொடுக்கவோ அதிகாரம் இல்லை. அப்படியே மேற்பார்வை வேலைதான் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரைத்தான் சட்டம் வெளியே வைக்கிறது. உங்களுக்கு 13,000.

மாமியாருக்கு என் வணக்கத்தோடு சொல்லுங்கள்: நஷ்டம் என்பது மட்டுமே காரணமாக நஷ்டஈட்டைக் குறைக்க, மூடும் நிறுவனத்துக்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. இங்கே மூடவும் இல்லை, விற்றுப் பணம் வாங்குகிறார்கள்.

உங்கள் கணக்கு

முழுச் சம்பளமும் கணக்கில் வரும் என்று வைத்து, நிறைந்த 14 வருடத்துக்குப் போடுகிறேன். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 6,500 ரூபாய். 14 வருடத்துக்கு 91,000. ஒரு மாத நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு 13,000. பணிக்கொடையில் மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள், எனவே வருடத்துக்கு 7,500, மொத்தம் 1,05,000. மூன்றும் சேர்ந்து 2,09,000 ரூபாய். பாக்கிச் சம்பளம் 26,000 இதற்கு வெளியே, பி.எஃப். அதற்கும் வெளியே. மேனேஜர் நீட்டுவது 25,000. உங்களுக்கு வரவேண்டிய இரண்டு மாதச் சம்பளத்தைவிடவும் 1,000 குறைவு!

ராஜினாமா கொடுத்தால் எல்லாமே போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. போவது நஷ்டஈடும் சர்வீஸ் தொடர்ச்சியும்தான்.

பி.எஃப். விஷயத்தில் பழையவர், புதியவர் இருவருமே பொறுப்பு. கைமாறும் தேதி வரையிலான பாக்கியை இருவரில் யாரிடமும் வசூலிக்கலாம். புதியவரின் பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்த சொத்தின் மதிப்பு வரை. ஐந்து மாதச் சம்பளச் சீட்டையும் பாஸ்புக் நகலையும் சேர்த்து மதுரை பி.எஃப். அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். வாங்குகிறவர் பத்திரம் போடுவதற்கு முன்னால் இது நடந்தால் அவரே பழையவரைக் கட்டச் சொல்லி நெருக்குவார்.

நாத்தனாரிடம் சொல்லுங்கள், பணத்தை எடுக்கவேண்டாம். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என். எண்ணில் தொடரட்டும். பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். இப்போது பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஏழு வருடம் கரைந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும்.

மேஸ்திரி மூலம் வரும் 60 பேரின் நிலை கொஞ்சம் சிக்கல்தான். காகிதத்தில் அவர்களின் முதலாளி மேஸ்திரி. இருந்தாலும் கூலியை அவர் தராவிட்டால் கம்பெனி தரவேண்டும். எடைச் சீட்டு, கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை எதையும் தூக்கிப்போட வேண்டாம். அவர்கள் தனியாக ஒரு மனு கொடுப்பது நல்லது.

போவதா, நிற்பதா?

என் கருத்தைக் கேட்டால், புதியவர் சர்வீஸ் தொடர்ச்சியை எழுத்தில் தந்தால் போங்கள். 41 வயதில் நம் கடற்கரையில் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள வேலை இன்னொன்று கிடைப்பது லேசல்ல. ஆபத்து ஒன்று உண்டு. அவரும் இரண்டு வருடத்தில் நொடித்துப்போனால் 16 வருடக் கணக்கையும் அவரிடம்தான் தேடவேண்டும். காகிதத்தில் உரிமை இருக்கும், கல்லாவில் பணம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதனால் பாக்கிச் சம்பளமும் பி.எஃப்.பும் கைமாறும் முன்பே தீரவேண்டும் என்பதில் இறங்கிவராதீர்கள்.

தொடர்ச்சி தரமாட்டேன் என்றால் பழையவரிடம் முழு நஷ்டஈட்டையும் பணிக்கொடையையும் வாங்கிக்கொண்டு, விருப்பம் இருந்தால் புதியவரிடம் புது ஆளாகச் சேரலாம். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. 14 வருடத்துக்குப் பணமும் வாங்கி, அதே 14 வருடத்தைத் தொடர்ச்சியாகவும் எண்ணச் சொல்ல முடியாது.

எந்த வழியானாலும் தனியாகப் போகாதீர்கள். பத்து இருபது பேர் கையெழுத்தோடு ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, சமரச அதிகாரி முன் பழையவர், புதியவர், நீங்கள் என மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் கேளுங்கள். பழைய சங்கத்துக்காரர்கள் '12(3) ஒப்பந்தம்' என்பார்களே, அந்த வகை. அது கையெழுத்துப் போடாத தொழிலாளரையும் சேர்த்தே காக்கும். தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அதிகாரி விசாரிக்க முடியாது, ஆறப்போடாதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

ஒருவேளை விவகாரம் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத் திவால் மனுவாகப் போயிருந்தால் பாதை வேறு. அங்கே நியமிக்கப்படும் அதிகாரியிடம் 'படிவம் டி'யில் உங்கள் பாக்கியைக் கோரவேண்டும், அதற்குக் கெடு உண்டு. கம்பெனி கேட்டில் அல்லது பேப்பரில் அப்படி விளம்பரம் ஏதாவது வந்தால் அன்றைக்கே எனக்கோ வேறொரு வக்கீலுக்கோ காட்டுங்கள்.

இப்போது செய்யவேண்டியது ஒரு கடிதம். பழைய நிர்வாகத்துக்கு ஒன்று, புதியவர் முகவரி தெரிந்தால் அவருக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு நகல். தனிப் பதிவுத் தபால் இப்போது இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தபால் ஆபீஸில் பதிவு வசதியும் பட்டுவாடா அத்தாட்சியும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எழுதவேண்டியது இவ்வளவுதான்:

"நான் இந்த நிறுவனத்தில் 14 வருடம் 3 மாதமாகத் தொடர்ந்து வேலை செய்கிறேன். ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. நிறுவனம் கைமாறுவதாக அறிகிறேன். என் பழைய சர்வீஸ் முழுவதையும் ஏற்று, இப்போதைய சம்பளத்துக்கும் நிபந்தனைகளுக்கும் குறையாமல் வேலை தொடரும் என்று புதிய நிர்வாகம் எழுத்தில் தந்தால் தொடர்ந்து வேலை செய்யத் தயார். இல்லையென்றால் சட்டப்படியான நோட்டீசும் நஷ்டஈடும் பணிக்கொடையும் கைமாறும் தேதிக்குள் தரவேண்டும். இரண்டு மாதச் சம்பள பாக்கியையும் ஐந்து மாத பி.எஃப். தொகையையும் உடனே செலுத்தவும்."